எட்டாம் பாடம்

முன்னூற்றிநாலு என்கிற சீட்டாட்டத்துக்கு இலங்கைத் தீவில் ஒரேயொரு மேதைதான். அவர் தோட்டவெளி யோகராசா. தன் நூலின் முன்னுரையில் அவரே அப்படி எழுதியிருந்தார்.

"சோடிக்குச் சைகை காட்டுறவங்கள் கிளித்தட்டு விளையாடப் போகட்டும்!" என்று வெளியீட்டு விழாவில் முழங்கினார்.

"அப்ப விளையாடிக் காட்டுங்கோ சேர். நீங்கள் தோத்தால் உங்கட புத்தகத்தில மீன் சுத்துவன்" என்றார் மீன் வியாபாரி சாஹுல் ஹமீட்.

மனைவி இந்திராதேவியைச் சோடியாக்கி, ஹமீடுக்கு எதிராக மேதை உட்கார்ந்தார். கடைசி ஆட்டம் வரை சரிக்குச் சரி. மேதை துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அது ஆடுத்தன் என்கிற இதயச் சீட்டா, வேறு இனமா என்று சோடிக்கும் தெரியக் கூடாது. மெல்ல வலது காதைச் சொறிந்தார்.

"என்னப்பா, காதுக்க எறும்போ?" என்றார் இந்திராதேவி.

"துரும்பு ஆடுத்தனாம் அக்கா. எட்டாம் பாடம், 'கள்ளச் சைகைகள்'. நீங்கள் புத்தகம் வாசிக்கேல்லையோ?" என்றார் ஹமீட்.

மேதை அவசரமாக எறும்பைத் தேடத் தொடங்கினார்.