காகிதத் தட்டில் ஐந்து துளை

கென்டக்கி மலையோரத்தில், துப்பாக்கிக் கடையின் பின்புறச் சுடுதிடலில் நிற்கிறாள் எழுபது வயது வெர்லீன். கையில், காலமான கணவன் விட்டுப்போன குட்டி ரிவால்வர். அந்தத் துப்பாக்கி அவளைவிட நாலே வயது இளையது. தனி வீட்டில் அவளுக்கு இருக்கும் ஒரே காவல் இதுதான். இதுவும் உதவாது என்று கடைக்காரர் டாய்ல் சொல்லிவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்க்கிறாள். கொழுந்தன் ஓட்டிஸ் வாங்கித் தந்த வீரியத் தோட்டாப் பெட்டியை டாய்ல் செத்த எலியைப்போல் இரண்டு விரலால் ஒதுக்கிவைக்கிறார். “உங்க கொழுந்தன் யானை சுடவாம்மா வாங்கினாரு? இந்தப் பழைய இரும்பு தாங்காது. உங்க மணிக்கட்டும் கழண்டு அடுத்த மாவட்டத்துல போய் விழும்.” “அப்ப இத வித்துடணுமா?” “எதுக்கு விக்கணும்? இந்த மூக்குத் தட்டையான மெதுவான தோட்டாவப் போடுங்க. வீட்டுக்குள்ள பூந்தவனுக்கு இது தாராளம்.” அந்தத் தோட்டாக்களில் ஐந்தை நிரப்பிச் சுடுகிறாள். பூனை தும்மிய அளவுக்குத்தான் கை அதிர்கிறது. இலக்காக ஒட்டியிருந்த காகிதத் தட்டை எடுத்து உயர்த்துகிறாள். அச்சில் வெட்டியதுபோல் ஐந்து வட்டத் துளைகள், உள்ளங்கை அகலத்துக்குள். அவற்றின் வழியே காலை வெயில் அவள் முகத்தில் ஐந்து பொட்டு வைக்கிறது. பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வெளியேறுகிறது. “டாய்ல், ஞாயித்துக்கிழமை ஓட்டிஸ் சாப்பிட வர்றான். இந்தத் தட்டுலதான் அவனுக்கு கிரேவி ஊத்தப் போறேன்.”