மிளகு கடிக்கவில்லை

"இதுக்குப் பேரு நாயா? பூனையைக் கொண்டுவந்து கழுத்துல பட்டை மாட்டி விட்டிருக்காங்க!"

பேக்கரி முதலாளி இப்படிச் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஓடுகிற ஆளைத் துரத்திக்கொண்டு போன போலீஸ் பயிற்சி நாய் மிளகு, இன்னும் ஒரே ஒரு தாவல் இருக்கும்போது தரையோடு தரையாகப் படுத்துவிட்டது!

போலீஸ் நாய்ப் படையில் இருந்தது ஒரே ஓர் இடம். போட்டியோ, ஒரு வருடமாகப் பயிற்சியில் இருக்கும் மிளகுக்கும், பந்தயங்களில் கோப்பை மேல் கோப்பையாக வாங்கிக் குவித்த பேக்கரி முதலாளியின் நாய் சிங்கத்துக்கும்.

முதலில் இறங்கிய சிங்கம் அமர்க்களப்படுத்தியது. திருடனாக நடிப்பவர் கடி படாமலிருக்கக் கையில் மாட்டியிருந்த தடித்த உறையைப் பாய்ந்து கவ்வியது. பந்தய வழக்கப்படி அவர் உறையைக் கழற்றிவிட்டதும், அதை வாயில் தூக்கிக்கொண்டு புது மாப்பிள்ளை கணக்காக மைதானத்தைச் சுற்றி வந்து, எதிர்ப்பக்கம் நின்ற காரில் ஏறிக்கொண்டது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்தது போலீஸ் சோதனை. இதில் உறை நாயின் கண்ணில் படக்கூடாது. மேலே கோட்டுப் போட்டு மறைத்துக்கொள்ள வேண்டும். நிஜத் திருடன் உறை மாட்டிக்கொண்டா திருட வருவான்? கோட்டுப் போட்ட ஆள் ஓடினார், அதிகாரி விசில் ஊதினார், மிளகு பாய்ந்தது. அப்புறம் நடந்ததுதான் அந்தக் கூத்து.

"என்னம்மா இது? ஒரு வருஷமா இதுக்குத்தான் சோறு போட்டோமா?" என்றார் அதிகாரி.

மிளகைப் பழக்கிய பெண் காவலர் தலையைக் குனிந்துகொண்டார். "பயந்துடுச்சு போலிருக்கு சார்."

"பயந்த நாய்க்குப் படையில இடம் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

மிளகோ பெரிய காரியம் சாதித்ததுபோல அவர் முகத்தையே பார்த்து வாலை ஆட்டியது.

"வெட்கம் கெட்டது, வாலை வேற ஆட்டுது பாருங்க!" என்றார் முதலாளி.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "உங்க சிங்கத்தைக் கூட்டிட்டு வாங்க. இடம் அதுக்குத்தான்."

முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. காருக்கு அருகே போனால், திருடனாக நடித்தவர் வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, கடிக்காத நாய்க்கே இப்படி நடுங்குறீங்க?"

அவர் கோட்டின் கையைச் சுருட்டிவிட்டார். உள்ளே வெறும் கைதான் இருந்தது.

"உறை எங்கே?"

அவர் காரைக் காட்டினார். பின்சீட்டில் சிங்கம் உறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுகமாக மென்றுகொண்டிருந்தது.

"இருக்கிறதே இந்த ஒண்ணுதான் முதலாளி. இதை வாங்கத்தான் மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வந்தேன். சோதனை ஆரம்பிச்சாச்சுன்னு நினைச்சு அதிகாரி விசிலை ஊதிட்டார். அந்தப் பொண்ணும் நாயை அவிழ்த்து விட்டுடுச்சு. அப்புறம்தான் என் கோட்டுக் கை தொளதொளன்னு ஆடுறதைப் பார்த்துட்டு 'நில்'லுன்னு கத்துச்சு. நீங்கள்லாம் போட்ட கூச்சல்ல அது யாருக்கும் கேக்கலை. மிளகுக்குக் கேட்டுது."

முதலாளி மைதானத்தில் நின்ற மிளகைத் திரும்பிப் பார்த்தார். பாய்ந்த நாயை ஒரே சொல்லில் நிறுத்துவதா! சிங்கத்தை அப்படி நிறுத்தப் பார்த்துத் தொண்டை கட்டியதுதான் அவருக்கு மிச்சம்.

"இதை ஏன் அந்தப் பொண்ணு அதிகாரிகிட்ட சொல்லலை?"

"உறை இல்லாம மைதானத்துல கால் வச்சா அன்னிக்கே என் சீட்டுக் கிழிஞ்சிடும். அவசரத்துல புத்தி கெட்டுப்போய் இறங்கிட்டேன். எங்க வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும். என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துச்சு. அவ்வளவுதான், பழியைத் தூக்கி நாய் மேல போட்டுடுச்சு."

முதலாளி காரின் கதவைத் திறந்தார். பிறகு, "அந்தக் கோட்டைக் கழட்டிக் கொடுங்க" என்றார்.

சிங்கத்தோடு மல்லுக்கட்டி உறையைப் பிடுங்கித் தன் கையில் மாட்டி, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கே உங்க நாய்?"

"மன்னிக்கணும் சார். என் நாய் உறையைப் பார்த்தாத்தான் சிங்கம். உறை இல்லாத திருடன் வந்தா, கூடவே போய் பீரோவைக் காட்டிக் கொடுக்கும்."

கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அவர் சேர்ந்து சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மிளகை இன்னொரு தடவை விடச் சொல்லுங்க சார். திருடனா நானே ஓடுறேன்."