படகில் கொண்டுவந்தது

வியட்நாமிலிருந்து அகதியாய்ப் படகேறி வந்து நாவலாசிரியையாகிவிட்ட துயென், இத்தாலியில், லிபெர்த்தா பகுதியிலுள்ள தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். பேட்டி எடுத்தவர் இப்போதுதான் படியிறங்குகிறார். வீட்டு வேலைக்கு வரும் சிவானுஜா எதைத் துடைக்க மறந்தாலும் கதவோரம் காது வைக்க மறக்கமாட்டாள். மாலை வெயிலில் மேசைத் தூசி மினுங்குகிறது. அவளுக்கோ வேறு கவலை. "சிஞோரா, படகிலை என்ன கொண்டு வந்தனீங்கள் எண்டு கேட்டால், போன கிழமை அரிசிப்பானை எண்டு சொன்னியள், இண்டைக்குச் சீப்பு எண்டுறியள். இப்பிடி மாத்திக் கதைச்சால் பொலிஸ் விசாவைப் பறிச்சுப்போடும்." தன் அகதி விசாரணைக்கு ஒரு சொல்லும் பிசகாமல் கதையைப் பாடமாக்கிப் போனவள் அவள். துயெனோ இந்நாட்டுப் பிரஜையாகிப் பல காலம். அவர் சிரிக்கவில்லை. கோப்பைக்குள் கரண்டி சுற்றுகிறது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் உறுமி ஓய்கிறது.

"உண்மையா என்ன கொண்டு வந்தனீங்கள்?"

"தம்பியை," என்கிறார் துயென், தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லும் அதே குரலில். "பாதி வழி வரைக்கும்."

கரண்டி நிற்கவில்லை. சிவானுஜா தூசித்துணியை மடிக்கிறாள், விரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள்.

"இனி ஆர் கேட்டாலும் சீப்பு எண்டே சொல்லுங்கோ, சிஞோரா."