முதல் மார்க் லூயிஸ்

லூயிஸ் மறுபடியும் கொட்டாவி விட்டான். கரும்பலகையிலிருந்து திரும்பிய தாமோதரன் அதைப் பார்த்துவிட்டார்.

அப்போது பக்கத்துத் தேவாலயத்தில் உச்சிவேளை மணி அடித்தது. வகுப்பிலிருந்த கத்தோலிக்கப் பையன்கள் வழக்கம்போல் எழுந்து சிலுவைக் குறி போட்டார்கள். லூயிஸ் மட்டும் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. படிப்பில் அப்படியொரு கவனம் என்று தாமோதரன் நினைத்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தினார்.

“ராயபுரம் இன்னாசி மகன் லூயிஸ் ஹார்பர்ல விஞ்சு ஓட்டறான்னு பிரின்ஸிபாலுக்குச் சேதி போயிருக்கு. நிஜமா?”

அவன் தரையைப் பார்த்தான். “நெசந்தான் சார்.”

“ராத்திரி ஷிப்டுன்னா பகல்ல கொட்டாவிதான் வரும். வேலைக்குப் போற எவனையும் பி.ஏ. பரீட்சைக்கு அனுப்ப மாட்டேங்கறார் பிரின்ஸிபால்.”

பையன் முகம் வெளுத்தது. “பரீட்சை மட்டும் எழுத வுட்டுடுங்க சார். ராவெல்லாம் முழிச்சுகினு படிக்கிறேன்.”

வேலைக்குப் போகிறவனுக்குப் படிப்பு ஏறாது என்று ஆசிரியர் அறையில் மேசையைத் தட்டிப் பேசுகிறவர் தாமோதரன். ஆனால் வகுப்பில் முதல் மார்க் இவனுடையது. மனம் கேட்கவில்லை. ஹார்பர் மேஸ்திரியைப் பார்த்து, பரீட்சை முடியும்வரை இவனுக்கு லீவு கேட்பது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலேஜ் கிடையாது. காலையிலேயே கிளம்பிவிட்டார். கப்பலிலிருந்து கோதுமை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூட்டை இறக்கும் விஞ்சை இயக்கிக்கொண்டிருந்த தடியான இளைஞன், சலவை வேட்டியுடன் நடுவில் வந்து நின்றவரைப் பார்த்துக் கத்தினான்.

“யோவ் நைனா! மூட்டை தலையில வுழப்போவுது. தள்ளி நில்லு!”

தாமோதரன் துள்ளி விலகினார். “மேஸ்திரியைப் பாக்கணும்ப்பா. லூயிஸோட காலேஜ் வாத்தியார் நான்.”

விஞ்சு நின்றது. இளைஞன் ஒரே தாவலில் கீழே வந்தான்.

“வாத்யாரா! மன்னிச்சுக்க சார். பையன் எப்டி படிக்கிறான்?”

“முதல் மார்க்.”

“இங்கிலீஷ்லயுமா?”

“எல்லாத்துலயும்.”

“அப்டிப் போடு!” அவன் குதித்த குதிப்பில் சட்டைக்குள் கிடந்த சிலுவை வெளியே வந்து ஆடியது. “எனக்கு அப்பவே தெரியும் சார்.”

“உனக்கு அவனைத் தெரியுமா?”

“ஒரே தெருவு சார். உசிரு தோஸ்து.”

“அப்படின்னா நீயே எடுத்துச் சொல்லு. இந்த வேலையை விடலேன்னா அவன் பரீட்சை எழுத முடியாது.”

இளைஞனின் சிரிப்பு நின்றது. “இன்னா சார், அநியாயமா கீது! அவன் எங்க சார் வேலைக்கு வந்தான்? ஒரு நாளு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல.”

“பின்னே, இங்கே விஞ்சு ஓட்டறது யாரு?”

“நான்தான் சார். படிப்புன்னாலே எனக்குப் பேஜாரு. எங்கப்பன் கேட்டாத்தானே? காலேஜுல சேத்து வுட்டுட்டாரு.”

தாமோதரனுக்கு ஒன்றும் புரியவில்லை. இளைஞன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

“லூயிஸு நான் சார். ஒங்க கிளாசுல எம் பேருல குந்திகினு கீறது கமாலு!”