திறக்கும், திறக்காது

வக்கீலின் விரல் அந்த ஒரு சொல்லின் மேல் நின்றது.

'ரப்பர் நாக்கு கீழ்நோக்கித் திறக்கும்.'

முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய விவசாயப் பத்திரிகை. கட்டுரையின் அடியில், பொடி எழுத்தில், கோ. வஞ்சிக்கொடி.

"ஜெயிச்சுட்டோம் சார்," என்றார் வக்கீல், நீதிமன்ற வராந்தாவில். "கீழ திறந்தா, ஏறின தண்ணி திரும்பக் கிணத்துக்கே போயிடும். அந்தம்மா சொன்னது வேற, உங்களோடது வேற."

இந்தப் பக்கத்தைக் காட்டித்தான், வக்கீலின் கட்சிக்காரர் செய்த கிணற்றுக் குழாய் வால்வுக்குக் காப்புரிமை மறுத்திருந்தார்கள். இதில் புதிதாக ஒன்றுமில்லை, முன்பே வந்துவிட்டது என்று. இன்று மேல்முறையீடு. தோற்றால் அவருடைய ஆறு வருட உழைப்பை யார் வேண்டுமானாலும் செய்து விற்றுக்கொள்ளலாம்.

அவர் கட்டுரையின் அடியிலிருந்த பெயரைப் பார்த்தார்.

பீளமேட்டுப் பட்டறையில் அவரும் வஞ்சிக்கொடியும் ஒன்றாக வேலை பார்த்த காலம் அது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, மடித்து, அவள்தான் அந்த நாக்கைச் செய்தாள். மணல் சிக்கினாலும் கச்சிதமாக மூடிக்கொண்டது. குழாயில் ஏற்றிய தண்ணீர் ஒரு சொட்டு இறங்கவில்லை.

பத்திரிகை வந்த அன்று அவளுக்கு மத்தியானச் சோறுதான் இறங்கவில்லை. 'திறக்காது' என்று எழுதி அனுப்பியதை 'திறக்கும்' என்று அச்சடித்துத் தொலைத்திருந்தார்கள். படிக்கிறவர்கள் தன்னை என்ன நினைப்பார்கள் என்று புலம்பித் தீர்த்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்த ஏழு பிரதிகளையும் வாங்கிவந்து, இருவருமாக உட்கார்ந்து பேனாவால் திருத்தினார்கள்.

அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்குப் பிறகு இருந்ததே இல்லை.

அவளுக்குத் தாராபுரத்தில் கல்யாணம் ஆனது. ஒரு தை மாதம், அவள் இறந்துபோன சேதி வந்தது.

காப்புரிமை மறுப்பு நோட்டீஸோடு இந்தப் பக்கம் கைக்கு வரும்வரை, அந்த நாக்கு தன் மண்டையில் உதித்தது என்றே அவர் நம்பியிருந்தார். சத்தியமாக நம்பியிருந்தார்.

உள்ளே, வக்கீல் அந்த வரியைப் படித்துக் காட்டினார். நீதிபதி தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து அவர் எழுந்தார்.

"அது அச்சுப் பிழைங்க ஐயா. திறக்காதுன்னுதானுங்க அவங்க எழுதுனாங்க."

வக்கீல் திரும்பி முறைத்தார்.

"உங்க கேஸை நீங்களே கெடுத்துக்கறீங்க. தெரியுதா?" என்றார் நீதிபதி.

"தெரியுதுங்க."

பதிவு செய்துகொண்டிருந்த சுருக்கெழுத்தர் நிமிர்ந்து, பெயர் என்ன என்று கேட்டார்.

யாருடைய பெயர் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"வஞ்சிக்கொடி," என்றார். "முன்னால கோ. போட்டுக்குங்க."