எதிராளி எழுதி வைத்தது

டாக்டரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அது விழுந்தால் அவள் மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே போனவர்கள் வீடு திரும்பியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் அருமைநாயகம். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தப் பக்கம் அவள் கணவர், மிஷன் பள்ளி ஹெட்மாஸ்டர் ஏசுவடியான். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் எழுதிய புகார் நான்கு பக்கம். முத்து முத்தான எழுத்து.

அவள் கணவருக்குப் பின்னால் நின்றாள்.

டாக்டர் படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோடு போட்டார்.

ஹெட்மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "எனக்கே திருத்தம் போடுதீயளா?"

"திருத்தம் இல்ல சார். ஆதிக் கிறிஸ்தவத்துல ஞானவாதிகள்னு ஒரு கூட்டம் இருந்துச்சு. வேதப்புரட்டர்னு சொல்லி அவங்க புஸ்தகத்த அழிச்சிட்டாங்க. சபைப் பிதாக்கள்ங்கிற பெரியவங்க திட்டுறதுக்காக எடுத்து எழுதுன வரிகதான் பெரும்பாலும் மிச்சம். அதத் தேடித் தேடிப் படிச்சவன் நான். திட்டுனத ஒதுக்கிட்டு, திட்டு வாங்குனவங்க பேச்ச மட்டும் பொறுக்கணும். இங்கயும் அதான்."

கோடு போட்டதை மட்டும் வாசித்தார்.

'ஜன்னலையாவது தெறந்து வையுங்க.'

'இந்த ஞாயித்துக்கிழமையாவது கோயிலுக்கு நானும் வாறேன்.'

'என்னயப் பூட்டி வச்சவருதான் கடவுள்னா, அவருக்கு மேல வேற ஒருத்தர் இருக்கணும்.'

அவள் சொன்னவைதான். மூன்று மாதமாகப் பூட்டிய அறைக்குள்ளிருந்து கத்தியவை. இன்னொருவர் வாயில் கேட்டபோது கத்தலாகவே இல்லை. புத்தி தெளிவாக உள்ள ஒருத்தியின் பேச்சு.

"பாத்தீயளா, தேவதூஷணம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இந்தக் கடைசி வரி மாதிரி சொன்னதுக்காகத்தான் சார் அந்த ஞானவாதிகளையும் பிதாக்கள் திட்டுனாங்க. ஏறக்குறைய இதே வார்த்தை."



டாக்டர் எழுந்தார். தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். ஒரு வெள்ளைத்தாள். தன் பேனா.

"உக்காருங்கம்மா. உங்க கதைய எதிராளி எழுதி நான் படிச்சிட்டேன். இனி நீங்க எழுதுங்க."

அவள் உட்கார்ந்தாள்.

முதல் வரி எழுதவே நேரமானது. பிறகு பேனா நிற்கவில்லை.

ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. குரல் இறங்கியது.

"ரத்தினம், எந்திரி. வீட்டுக்குப் போயிருவோம்."

அவள் நிமிரவில்லை.

"டாக்டர், இன்னும் ரெண்டு தாள் தாங்க."