ஏழு மணி டிரிப்

"இன்னிக்கும் அது விழுந்துச்சுன்னா, கழட்டிக் குப்பையில போட்டுட்டு டைரக்டா லைன் கொடுத்துடுங்க."

வீட்டுக்காரர் சொன்னதும் எலக்ட்ரீஷியன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். 'அது' என்றது ஆர்.சி.சி.பி.யை. எங்காவது கரண்டு கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மொத்த வீட்டையும் அணைத்து, ஆளைக் காப்பாற்றும் சுவிட்ச்.

"அதை மட்டும் கேக்காதீங்க சார். ஈரக் கையோட பேத்தி ஓடியாடுற வீடு. டைரக்டா கொடுத்துட்டு நான் எப்படித் தூங்குறது?"

"நீங்க தூங்குறது இருக்கட்டும். ஒரு மாசமா ஏழு மணி ஆனா வீடே இருட்டு. இந்த சுவிட்சுலயே முதல்ல ஏசி டைப்னு ஒண்ணு போட்டீங்க. வாஷிங் மெஷினுக்கு அது ஆகாதுன்னு ஏ டைப் மாத்துனீங்க. அப்புறம் எஃப் டைப்தான் தாங்கும்னீங்க. அடுத்தது என்ன, இசட் டைப்பா?"

"பி டைப் இருக்கு சார். ஆனா அது எலக்ட்ரிக் கார் சார்ஜ் பண்றவங்களுக்கு. உங்ககிட்ட சைக்கிள்தானே இருக்கு."

எலக்ட்ரீஷியன் மிக்சி, ஃபிரிட்ஜ், கீசர் என்று ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். கசிவு மருந்துக்குக்கூட இல்லை. இருபது வருஷத் தொழிலில் ஒரே வீட்டுக்கு நாலாவது தடவை வந்ததே இல்லை. மானம் போகிற விஷயம்.

வீட்டுக்காரம்மா காபி கொண்டுவந்து வைத்தார். "பாவம், உங்களுக்கும் அலைச்சல். பேசாம விட்டுட்டுப் போங்களேன் அண்ணே."

"சார் விடமாட்டேங்கிறாரேம்மா. சார், ஏழு மணிக்கு அப்படி என்னத்தைத்தான் ஆன் பண்றீங்க?"

"வேற என்ன, மைக் செட்டுதான். சனிக்கிழமை ஆபீஸ்ல எனக்கு ரிட்டயர்மென்ட் பார்ட்டி. நாலு பாட்டு பாடுறதாச் சொல்லியிருக்கேன். ஒத்திகை பார்க்கலாம்னா, பல்லவி முடியறதுக்குள்ள கரண்டு போயிடுது."

எலக்ட்ரீஷியன் மைக் செட்டையும் பிரித்துப் பார்த்தார். அதிலும் பழுதில்லை.

"நீங்க ஹால்ல பாடுங்க சார். நான் நடையில போர்டுகிட்டயே நிக்கிறேன். இன்னிக்கு கையும் களவுமா பிடிச்சுடுறேன்."

மணி ஏழு. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

முதல் வரியில் எலக்ட்ரீஷியனுக்குப் பல் கூசியது. இரண்டாவது வரியில் பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. மூன்றாவதில் சுருதி ஒரு தெருவிலும் தாளம் இன்னொரு தெருவிலும் போய்க்கொண்டிருந்தன. ஆர்.சி.சி.பி. மட்டும் அசையவில்லை. ஒரு மாதத்தில் முதல்முறையாகப் பல்லவி முடிந்து, சரணமும் ஆரம்பித்தது.

"இன்னும் மூணு பாட்டு இருக்கு," என்று மைக் அறிவித்தது.

அந்த சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் மேலேயே ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் உண்டு. அழுத்தினால் வீடு அணைந்துவிடும். எலக்ட்ரீஷியன் இரண்டு பக்கமும் பார்த்தார். தொழில் தர்மத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பட்டனை நோக்கி விரலை நீட்டினார்.

பட்டன்மேல் ஏற்கெனவே வளையல் போட்ட கை ஒன்று இருந்தது.

வீடு இருண்டது.

"மைக் செட்டுதான் கோளாறுன்னு சொல்லிடுங்கண்ணே," என்று வீட்டுக்காரம்மா அவர் காதோரம் கிசுகிசுத்தார். "நானும் ஒரு மாசமா எத்தனை நாளைக்குத்தான் ஓடிவந்து அழுத்துறது?"